மேல் விளிம்பு, கீழ் விளிம்பு

அந்த யோசனை எனக்கு வந்தது ஓர் எனாமல் தட்டின் முன்னால். தட்டில் கிடந்தது ஒரு மனிதரின் இரைப்பையில் முக்கால் பங்கு. வெட்டி எடுத்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. சர்ஜன் அதை ஒரு பக்கமாகக் கத்தரித்து, மீனைப் பிளந்து விரிப்பதுபோல விரித்து வைத்திருந்தார். உள்பக்கம் நனைத்துப் பிழிந்த துணிபோல மடிப்பு மடிப்பாக இருந்தது. சிறுகுடலுக்குப் போகும் வாசலருகே மட்டும் மடிப்புகள் இல்லை. அங்கே விளிம்பு தடித்த ஒரு புண். அவர் கையுறை போட்ட விரலைப் புண்ணிலிருந்து மேல்நோக்கி மெல்ல ஓட்டினார்.

"இங்க முடியுது. இதுக்கு மேல சுத்தம்," என்றார். அந்த இடத்துக்கும் மேலே மூன்று விரல் அகலம் விட்டுத்தான் வெட்டியிருந்தார்.

என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டேன். கல்போல இருந்தது ஓரிடத்தில் சட்டென்று மெத்தென்று ஆனது. அப்போதுதான் தோன்றியது: விரலுக்கு இங்கே முடிந்துவிட்டது, சரி. நோய்க்கும் இங்கேதான் முடிந்ததா? தோலுக்கு அடியில், விரலுக்குத் தெரியாமல், ஒரு வேர் மாதிரி இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால்?

"சார், வெட்டின ரெண்டு ஓரத்துலேர்ந்தும் ஒவ்வொரு கீத்து எடுத்து மெட்ராசுக்கு அனுப்பினா என்ன?"

"கட்டியிலேர்ந்து ஒரு துண்டு அனுப்பறதுதான் வழக்கம். என்ன நோய்னு சொல்லிடுவாங்க."

"என்ன நோய்னு நமக்கே தெரியுதே சார், புத்துதான். எவ்வளவு தூரம் போயிருக்குன்னுதானே தெரியல?"

முகத்துணிக்கு மேலே அவர் கண்கள் என் பக்கம் திரும்பின. "அந்த ஆளோட மகன்கிட்ட கேளு. முழுசாத் தர்றதா வாக்குக் குடுத்திருக்கேன்," என்றார்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. எனக்கு இருபத்திரண்டு வயது. சுரக்குடியில் நெல் விளைவிக்கும் வீடு. தினமும் காரைக்காலுக்கு சைக்கிள் மிதித்து, பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிரெவே பரீட்சையில் தேறினேன். நான் தேறி முடித்ததும் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிவிட்டார்கள். என் படிப்பு, ஆளில்லாத ஊருக்கு எடுத்த டிக்கெட்டாகிப் போயிற்று. இங்கிலீஷை நானே உருப்போட்டு, புதுச்சேரியில் சில மாதம் சோதனைக்கூட வேலை பழகி, இந்த ஆஸ்பத்திரியில் ஒற்றை ஜன்னல் அறை ஒன்றுக்கு அதிபதியானேன். கொக்கிப்புழு முட்டை, யானைக்கால் கிருமி, காசநோய்ச் சளி, இவைதான் என் ராஜ்யம். "இதுக்குத்தானா பிரெஞ்சு படிச்சே, ஊரான் மலத்தைப் பாக்கவா?" என்று அம்மா கேட்பாள். "சளியும் பாப்பேன்மா," என்பேன். வேலை பிடித்திருந்தது, ஆனால் அது போதவில்லை. அந்த எனாமல் தட்டு வரும்வரை என்ன போதவில்லை என்றும் தெரியவில்லை.

தட்டில் கிடந்த இரைப்பைக்குச் சொந்தக்காரர், இலங்கைக்கும் பர்மாவுக்கும் சரக்கேற்றிய பாய்க்கப்பலில் சுக்கான் பிடித்தவர். ஊரே அவரைச் சுக்கானி என்றுதான் கூப்பிட்டது. நேற்றுச் சாப்பிட்ட சோறு இன்று அப்படியே வாந்தியாக வருகிறது என்று வந்து சேர்ந்தபோது தோளெலும்பில் சட்டை தொங்கியது. படுக்கவைத்தால் வயிற்றின் மேல் இடமிருந்து வலமாக ஓர் அலை எழும்பி நகர்வது கண்ணுக்கே தெரியும். அடைபட்ட வாசலைத் தள்ளித் திறக்க இரைப்பை படும் பாடு அது. "பாரு தம்பி, வாடைக்காத்து கெளம்பிடுச்சு," என்று அதையும் எனக்குக் காட்டிச் சிரித்தார்.

ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளும்போது சர்ஜனிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "எடுக்கறத எடுங்க. எடுத்தத வெளிய போட்டுடாதீங்க. நெகம் வெட்டினாக்கூட மண்ணுல போட்டு மூடறவங்க நாங்க. எம் மவன்கிட்ட குடுத்துடுங்க, மையத்தாங்கொல்லையில அடக்கிடுவான்." சர்ஜன் மதராஸ் பக்கத்துக்காரர், வந்து ஒரு வருஷம்தான். சரி என்று கையடித்துக் கொடுத்தார்.

ஆகவே நான் கதவைத் திறந்தபோது, வெளியே மகன் வெள்ளைத் துணியும் புது மண்சட்டியுமாக நின்றிருந்தார். சைகோனில் ஜவுளிக்கடை வைத்திருந்து திரும்பியவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர், அதனால் எனக்கு 'நானா', அதாவது அண்ணன்.

"அஸருக்குள்ள அடக்கிடணும் தம்பி. உள்ள வெச்சி என்னா ஆராய்ச்சி?"

"நானா, ஓரத்துலேர்ந்து ரெண்டே ரெண்டு கீத்து. தேங்காக் கீத்தவிடச் சின்னது. மெட்ராசுக்கு அனுப்பிப் பாக்கணும்."

"பாத்து?"

"நோவு முழுசா வந்துடுச்சான்னு தெரியும்."

"வரலன்னா?"

"தெரிஞ்சுக்கறது நல்லதுதானே?" என்றேன்.

"முழுசாத் தர்றேன்னுதானே பேச்சு?"

"முழுசாத்தான் தருவோம். அந்த ரெண்டு மட்டும் கொஞ்ச நாள் கழிச்சு வரும்."

"ஏங்க, எங்க வாப்பாவைத் தவணை தவணையா அடக்கச் சொல்றீங்களா?" என்று சிரித்தார். உடனே சிரிப்பு போய்விட்டது. "சரி, எடுத்துக்குங்க. ஆனா சேந்து போறது சேந்து வரணும். ஒண்ணு வந்துச்சு, ஒண்ணு தொலைஞ்சு போச்சுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. உம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது."

அறைக்கு ஓடினேன். உணவுக்குழாய்ப் பக்கத்து ஓரத்தில் ஒரு கீற்று, சிறுகுடல் பக்கத்து ஓரத்தில் ஒரு கீற்று. இரண்டையும் ஒரே நீளம், ஒரே அகலமாக நறுக்கி, என் கைநேர்த்தியை நானே மெச்சிக்கொண்டேன். அலமாரியில் கழுவிய பாட்டில்கள் இரண்டு இருந்தன. ஒன்றை எடுத்துப் பார்மலின் ஊற்றினேன். இரண்டாவதற்குக் கை போகும்போது மகன் சொன்னது காதில் கேட்டது. இரண்டு பாட்டில் என்றால் மதராசில் ஒன்று ஒரு மேசைக்குப் போகும், மற்றது இன்னொரு மேசைக்குப் போகும். ஒன்று தொலையும், வாக்குத் தவறும். சேர்ந்தே போகட்டும் என்று இரண்டையும் அந்த ஒரே பாட்டிலில் போட்டு மூடினேன். மீதி முழுவதையும் வெள்ளைத் துணியில் சுற்றிச் சட்டியில் வைத்துக் கொடுத்தேன். அஸர் தொழுகைக்கு முன்பே அது மண்ணுக்குள் போய்விட்டது. கூடப் போன கடிதத்தின் அடியில், துண்டைப் பதிக்கும் மெழுகுக் கட்டியும், சீவி ஒட்டும் கண்ணாடித் தகடும் உட்படத் துண்டுகள் எல்லாம் திரும்ப வேண்டும், குடும்பத்தார் அடக்கம் செய்ய வேண்டும் என்று நானே ஒரு வரி சேர்த்தேன். அன்று மாலை சைக்கிளில் பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

சுக்கானி தேறினார். ஐந்தாம் நாள் கரண்டிக் கஞ்சி. இரண்டு வாரத்தில், கால் வயிறு இருக்கிறவர் தின்னக்கூடிய அளவில், நாளைக்கு ஆறு வேளை. வீட்டுக்குப் போன பிறகு ஒரு நாள் தானே நடந்து ஆஸ்பத்திரிக்கு வந்தார். "கோட்டுச்சேரிமேட்டுக்காரி கிழங்கான் மீன் கொண்டாந்தா. ரெண்டு தின்னேன். ரெண்டும் உள்ளயே இருக்கு!" என்று வராந்தாவில் நின்று எல்லாருக்கும் அறிவித்தார்.

ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் மதராஸ் பார்சல் வந்தது. சின்ன மரப்பெட்டி. உள்ளே இரண்டு மெழுகுக் கட்டிகள், ஒன்று, இரண்டு என்று எண் போட்ட இரண்டு கண்ணாடித் தகடுகள், தட்டச்சு செய்த ஒரு தாள். முதல் துண்டு: வெட்டிய ஓரம் சுத்தம். இரண்டாவது துண்டு: வெட்டிய ஓரம் வரை நோய் இருக்கிறது.

சர்ஜன் இரண்டு முறை படித்தார். "நீ கேட்டது நல்ல கேள்விதான்," என்றார். அப்புறம் தலைநிமிர்ந்து, "ரெண்டாவதுன்னா எது? மேல் ஓரமா, கீழ் ஓரமா?"

மதராஸ்காரர்கள் பாட்டிலிலிருந்து கைக்கு வந்த வரிசைக்கு எண் போட்டிருக்கிறார்கள். எது எது என்று எங்களுக்குத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள்.

"ஒரே பாட்டில்ல போட்டேன் சார்."

"நூல் ஏதாவது கட்டினியா? அடையாளம்?"

"இல்ல சார்."

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். தாளை மேசையில் வைத்து, அதன்மேல் பென்சிலால் ஓர் இரைப்பையை வரைந்தார். "மேல் ஓரத்துல நோய் இருக்குன்னா, மிச்சம் இருக்கறதையும் எடுத்துட்டு, உணவுக்குழாயைக் கொண்டாந்து சிறுகுடல்ல தைக்கலாம். கஷ்டம். ஆனா வழி உண்டு. கீழ் ஓரம்னா, அங்க கணையமும் பித்தக்குழாயும் ஒட்டிக்கிட்டிருக்கு. நான் கை வைக்க மாட்டேன். இருக்கற நாளை நிம்மதியாச் சாப்பிட விட்டுடணும். இப்ப நான் அந்த மனுஷன்கிட்ட போய் என்ன சொல்றது?"

மீதி மண்ணுக்குள். அதைத் தோண்டினாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது. கேட்கவும் வாய் வராது. சர்ஜன் மதராசுக்கு விளக்கம் கேட்டு எழுதினார். பதில் வர எத்தனை நாளாகுமோ. ஒரு மனிதர் கிழங்கான் மீன் தின்று சந்தோஷமாக இருக்கிறார். அவர் வயிற்றின் எந்தப் பக்கத்தில் ஆபத்து இருக்கிறது என்பது என் ஒருவன் கைக்குத் தெரிந்திருந்தது, அந்தக் கை அதை மறந்துவிட்டது.

அப்புறம் மரப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தபோது உறைத்தது. கண்ணாடித் தகடுகள் இங்கேதானே இருக்கின்றன! அடக்கம் செய்யவேண்டும் என்று கேட்டதால் வந்தவை. இரைப்பையின் தோலும் சிறுகுடலின் தோலும் ஒரே மாதிரியா இருக்கும்? ஒன்று சோற்றைக் கரைப்பது, ஒன்று உறிஞ்சுவது. வேலை வேறு என்றால் அமைப்பும் வேறாகத்தானே இருக்கவேண்டும்?

ஆஸ்பத்திரி அலமாரியில், கரையான் மீதி வைத்த பிரெஞ்சுப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஒவ்வோர் உறுப்பையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து வரைந்த படங்கள் அதில் உண்டு. சர்ஜனுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆளில்லாத ஊருக்கு எடுத்த டிக்கெட் ஒருவழியாக எங்கேயோ கொண்டுபோய்ச் சேர்த்தது. இரைப்பையின் உள்தோலில் குழி குழியாக இருக்கும், குழிகளுக்கு அடியில் நேர்நேரான குழாய்கள் நெருக்கமாக நிற்கும். சிறுகுடலில் குழிக்குப் பதில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். இரைப்பையை ஒட்டின முதல் பகுதியில் மட்டும், தோலுக்கு அடியில் மெல்லிய தசைப்படலத்தைத் தாண்டி, சுரப்பிகள் இன்னொரு கூட்டம் இருக்கும். வீட்டுக்கு அடியில் நிலவறைபோல.

படித்துவிட்டேன். பார்க்க வெளிச்சம் இல்லை. என் மைக்ராஸ்கோப்புக்கு ஜன்னல் வானம்தான் விளக்கு. வானமோ இரண்டு நாளாகத் தார்ப்பாய் போட்டு மூடினமாதிரி கிடந்தது. மின்சார பல்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் காமாலை கண்ட கண்ணால் பார்ப்பதுபோல இருந்தது. மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில் மேகம் விலகியது. மலச்சாடிகள் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன்.

முதல் தகடு. விரல்கள்! வரிசையாக, ஆற்று முகத்துவாரத்தில் நீருக்கடியில் பாசி நிற்குமே, அதுபோல. அவற்றுக்கு அடியில் நிலவறைச் சுரப்பிகள். நோய் இல்லை. இரண்டாவது தகட்டில் ஒழுங்கு கெட்ட ஒரு கூட்டம். பெரிய பெரிய கரிய உட்கருக்களோடு, வரிசை இல்லாமல், தசைநாருக்கு நடுவே புகுந்து ஓரம் வரை வந்திருந்தது. மேல்தோலை அது தொடவேயில்லை, அடியில்தான் ஊர்ந்திருந்தது. விரலுக்குத் தெரியாததில் வியப்பே இல்லை. தகட்டின் ஒரு மூலையில் நோய் படாத தோல் கொஞ்சம் தப்பியிருந்தது. அங்கே குழிகள், நேர்நேரான குழாய்கள். விரல் ஒன்றுகூட இல்லை.

எழுந்து ஓடி யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று உடம்பு துடித்தது. சொல்லவேண்டிய ஆள் சுக்கானி என்று நினைவு வந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

சர்ஜன் வந்து பார்த்தார். "ரெண்டாவதுல விரலையெல்லாம் நோய் அழிச்சிருந்தா?" என்று மடக்கினார்.

"அதுக்குத்தான் சார் மொதத் தகட்டைப் பாக்கச் சொல்றேன். அதுல விரலும் இருக்கு, கீழ்ச் சுரப்பியும் இருக்கு. அது கீழ் ஓரம்தான், வேற எதுவாவும் இருக்க முடியாது. மிச்சம் இருக்கறது மேல் ஓரம்."

அவர் கண்ணை எடுக்காமல் வெகுநேரம் பார்த்தார். "இதெல்லாம் காலேஜ்ல படிச்சது. பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே மறந்துட்டேன்," என்றார். "ஆனா நாம ரெண்டு பேரும் சொல்றதை நம்பி நான் கத்தி எடுக்க மாட்டேன். மெட்ராஸ் கடிதம் வரட்டும்."

கடிதம் வந்தது. எல்லாவற்றையும் திருப்பிக் கேட்டிருந்தும் அவர்கள் தங்களுக்கென நிறுத்திவைத்திருந்த தகடுகளை மறுபடி பார்த்து எழுதியிருந்தார்கள்: இரண்டாவது துண்டு, மேல் ஓரம்.

அன்று சாயங்காலமே நாங்கள் இருவரும் சுக்கானி வீட்டுக்குப் போனோம். மகன் வாசலிலேயே மறித்தார். சர்ஜன் விஷயத்தைச் சொன்னதும் குரலை இறக்கி, "வாப்பாகிட்ட சொல்லாதீங்க. இப்பத்தான் மனுஷன் வாய்க்கு ருசியா சாப்புடுறாங்க. சொன்னா அந்த வார்த்தையே கொன்னுடும்," என்றார்.

திரைக்குப் பின்னாலிருந்து அவருடைய தாயார் குரல் வந்தது. "அவங்கள உள்ள கூப்புடு. வாசல்ல வெச்சிக் குசுகுசுன்னு பேசினா அவுகளுக்குக் காது கேக்காதுன்னு நெனச்சியா?"

உள்ளே கட்டிலில் சுக்கானி ஏற்கெனவே எழுந்து உட்கார்ந்திருந்தார். சர்ஜன் சொன்னார். பிறகு நான் பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"ஒரே பாட்டில்ல ஏன் போட்டே?" என்று சுக்கானி கேட்டார்.

"சேந்து வரணும்னு நானா சொன்னாங்க. ஒண்ணு தொலைஞ்சுட்டா..."

சுக்கானி மகனைப் பார்த்தார். "கேட்டியா? ஒம் பேச்சக் கேட்டு ஒருத்தன் கெட்டுருக்கான். சைகோன்லகூட ஒம் பேச்ச எவனும் கேட்டதில்லை." சுக்கானி சர்ஜன் பக்கம் திரும்பினார். "மறுபடி கிழிச்சா பொழைப்பேனா?"

"உறுதி சொல்ல முடியாது. முன்னதைவிடப் பெரிய ஆபரேஷன். மேசையிலயே போனவங்க உண்டு."

"கிழிக்கலன்னா?"

"கொஞ்ச மாசம் இப்படியே இருக்கலாம். அப்புறம் பழையபடி ஆரம்பிக்கும்."

சுக்கானி இரண்டு நாள் தவணை கேட்டார். நான் மெழுகுக் கட்டிகளை எடுத்து மகனிடம் கொடுத்தேன். கண்ணாடித் தகடுகளைக் கொடுக்கக் கை வரவில்லை. "இது கொஞ்ச நாள் எங்கிட்ட இருக்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அதுல இருக்கறதும் நான்தானே?" என்றார் சுக்கானி.

"ஆமாங்க. தலைமயிரவிட மெல்லிசா சீவினது."

ஒன்றை வாங்கி ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். ஊதாக் கறை ஒன்று தெரிந்திருக்கும், அவ்வளவுதான். "இருக்கட்டும். மெட்ராஸ்ல எவனாச்சும் எது மேல, எது கீழன்னு முழிச்சான்னா காட்டு."

இரண்டாம் நாள் காலை மகன் என் அறை வாசலில் நின்றார். "சரின்னுட்டாங்க," என்றார். "உம்மா அழுதாங்க. 'அந்த வாந்தி திரும்ப எப்ப வரும்னு பாத்துக்கிட்டே கட்டில்ல குந்தியிருக்க என்னால ஆவாது, அல்லா விட்ட வழி'ன்னு வாப்பா சொல்லிட்டாங்க."

இது நடந்து பத்து நாள் ஆகிறது. வரும் திங்கட்கிழமை பேரளத்தில் வண்டி மாறி மதராஸ் போகிறோம். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் எங்கள் சர்ஜனும் அவருடைய பழைய நண்பர் ஒருவரும் சேர்ந்து ஆபரேஷன் செய்யப்போகிறார்கள். நானும் போகலாம் என்று உத்தரவு கிடைத்திருக்கிறது. எடுத்த இரைப்பையில், விரலுக்கு நோய் முடியும் இடத்தில் கறுப்புப் பட்டுநூல் முடிச்சு ஒன்று போடுவேன். அதிலிருந்து வெட்டிய ஓரம் வரை விரற்கடைக்கு ஒரு கீற்று, ஒவ்வொன்றும் தனிக் குப்பியில், எண்ணோடு. விரல் சொல்வதற்கும் நோய் செய்வதற்கும் இடையே எத்தனை விரற்கடை என்று இந்த ஒருவரிடமாவது தெரிந்துகொள்ளலாம். இன்னொருவருக்கு முதல் தடவையிலேயே எவ்வளவு தள்ளி வெட்டுவது என்று யோசிக்க அது உதவலாம். சுக்கானிக்கு உதவுமா என்பது வேறு கேள்வி. அவருக்கு வேண்டியது இப்போது ரத்தம்.

மதராசிலிருந்து எழுதியிருக்கிறார்கள்: ரத்தம் கொடுக்கும் ஆட்களோடு வாருங்கள், பொருந்துகிறவர்களை உங்கள் ஊரிலேயே பார்த்துத் தேர்ந்து கூட்டி வாருங்கள். வேலை என்னுடையது. நான் இதுவரை இதைச் செய்ததில்லை. செய்யக் கண்டிருக்கிறேன், புதுச்சேரியில், ஒரே ஒரு முறை. நேற்று என் ரத்தத்தையும் வராந்தாவில் அகப்பட்ட காவல்காரர் ரத்தத்தையும் வைத்து ஒத்திகை பார்த்தேன். நாளைக்கு முறை இதுதான்: வெள்ளைப் பீங்கான் ஓட்டில், சுக்கானியின் ரத்தம் உறைந்ததும் மேலே நிற்கும் தெளிவு ஒரு சொட்டு, கொடுப்பவரின் ரத்தம் ஒரு சொட்டு. திரிந்த பால்போலத் திட்டுத் திட்டாகக் கூடினால் அந்த ஆள் வேண்டாம். கலந்து அப்படியே நின்றால் வண்டியேறலாம்.

நாளை ஆறு பேர் வருகிறார்கள். போலகத்திலிருந்து சுக்கானியின் தம்பிமார் மூவர், மைத்துனர்கள் இருவர், மகன்.

"ஊசின்னா எனக்கு ஆவாது தம்பி," என்று மகன் இன்று மத்தியானம் வந்து சொல்லிவிட்டுப் போனார். "சைகோன்ல குண்டு விழுந்தப்பகூட நான் ஓடினதில்ல."

"அப்படியா நானா?"

"கடை மேசைக்கு அடியில பூந்துக்கிட்டேன். ஒங்க மேசைக்கு அடியில எடம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். ஆனால் மேசைக்கு மேலேதான் கை வரவேண்டும் என்றேன். காலை எட்டு மணிக்கு என் ஜன்னலுக்கு வெளிச்சம் வரும். முதலில் அவரைத்தான் குத்தப்போகிறேன்.